இரண்டு சொட்டுக் குழம்பு

கல்யாணப் போட்டோவில் என் பக்கத்தில் நிற்கிற ஒல்லியான ஆளைப் பார்த்து, இது யார், உங்கள் தம்பியா என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். தம்பியாவது தும்பியாவது! இதோ, தையல் மெஷினுக்குப் பின்னால் நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்கிறாரே, இவரேதான் அது. தெருவுக்கெல்லாம் இவர் 'மாஸ்டர்'. எனக்கு வெறும் 'இவர்'. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. 'என்னங்க' என்று ஒரு குரல் கொடுத்தால் மெஷின் நிற்கும், அது போதும் எனக்கு.

இவர் பருமனானது ஊருக்கே தெரியாமல் நடந்தது. அதற்கு இவர் தொழில்தான் காரணம். மற்றவர்களுக்குப் பேண்ட் இறுகினால் கடைக்குப் போக வேண்டும், நாலு பேருக்குத் தெரிந்துவிடும். இவருக்கு அந்த வெட்கமே இல்லை. மத்தியானம் கடை காலியாக இருக்கும்போது இடுப்பைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியை வெளியே இழுத்து, ஒரு ஓட்டு ஓட்டி, அடுத்த ஆள் வருவதற்குள் மாட்டிக்கொண்டு நின்றுவிடுவார். எனக்கே ஒரு நாள் துவைக்கும்போதுதான் உறைத்தது. பேண்ட்டைத் திருப்பிப் போட்டால், பின்பக்கத் தையலை ஒட்டிப் பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. என்னங்க இது என்று கேட்டேன். துணி சுருங்கிவிட்டது என்றார். நனைத்துக் காயவைக்காமல் ஒரு துணியிலும் கத்தரி வைக்காத மனிதர், என்னிடம் வந்து துணி சுருங்கிவிட்டது என்கிறார்!

குண்டாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் மகள் அந்த வயிற்றைத் தலையணையாக வைத்துத்தான் வளர்ந்தாள். எனக்குப் பயம் வந்தது குறட்டையால். ஆரம்பத்தில் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராமல் இவரை உலுக்கியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. அப்புறம் ஒரு காலம் வந்தது, சத்தம் திடீரென்று நடுவில் நிற்கும். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். வராது. வராது. இனிமேல் வராது என்று நான் எழுந்து உட்காரும்போது, தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருகிறவர் போல ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கும்.

சோதனை செய்து பார்த்த டாக்டர் மூடி மறைக்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இதயம் களைத்துப்போயிருக்கிறது, எடை குறையாவிட்டால் ஒரு நாள் நின்ற மூச்சு திரும்பி வராது என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் கொடுத்தார்கள். இவர் அதைத் தூக்கத்திலேயே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுவார். நடை, பட்டினி, பச்சை இலைகளின் சாறு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன்தான் வழி என்று ஆனது.

சர்ஜன் படம் போட்டுக் காட்டினார். வயிற்றில் முக்கால்வாசியை நெடுக்காக வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் மாதிரி மூடிவிடுவார்களாம். இவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஏதோ புது மாடல் சட்டையைப் பார்ப்பதுபோல அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உள்ள கொஞ்சம் துணி விட்டு வைப்பீங்களா டாக்டர்? பின்னால தேவைப்பட்டா பிரிச்சு விடலாமே."

"இதுல பிரிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது மாஸ்டர். வெட்டினா வெட்டினதுதான்."

இவர் முகம் விழுந்துவிட்டது. உள்ளே துணி விடாமல் வெட்டுகிறவனை இவர் தையல்காரன் என்றே சேர்த்துக்கொள்வதில்லை. மனிதன் இன்றைக்கு இருக்கிற மாதிரியே நாளைக்கும் இருப்பானா என்று கேட்பார்.  வீடு வந்து கடை ஷட்டரைத் தூக்கும்போது, அந்த டாக்டர் நல்ல கைக்காரராத்தான் தெரியுது, ஆனா ரொம்பத் தைரியம் என்றார்.

இவர் தங்கை, அதாவது என் நாத்தனார், விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போனிலேயே குதித்தாள். வாயைக் கட்டினால் போதாதா, வயிற்றை எதற்கு அறுக்க வேண்டும் என்றாள். எல்லாம் நான் ஊட்டி ஊட்டி வளர்த்த வயிறு என்றும் ஒரு குத்து. நான் சும்மா விடுவேனா? உன் அண்ணன் வாயைக் கட்ட என்னால் ஆகவில்லை, நீயே ஒரு கயிறு எடுத்துக்கொண்டு வா என்றேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவளும் கயிறு இல்லாமல் பெட்டியோடு வந்து சேர்ந்தாள், ஆஸ்பத்திரி முடியும்வரை வீட்டையும் கடையையும் பார்த்துக்கொள்ள. சண்டை போட்டாலும் வந்துவிடுவாள். அவள் அப்படித்தான்.

முதல் தேதி குறித்தபோது இவருக்குச் சளி பிடித்தது. நெஞ்சில் கபம் இருக்கும்போது மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலை விட்டு வெளியே வரும்போது இவர் சீட்டியடித்தார். சளியோடு சீட்டியடித்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்.  இந்த ஆள் பயந்துபோயிருக்கிறார், இன்னொரு தடவை தப்பித்தால் பிறகு யார் சொன்னாலும் வர மாட்டார் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. இரண்டாவது தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருந்தோம். அந்த நாட்களில் குறட்டை நின்று நின்று வந்துகொண்டேதான் இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் திரவம் மட்டும்தான். கல்லீரலில் கொழுப்பு இறங்கிச் சுருங்கினால்தான் கருவி நுழைய இடம் கிடைக்குமாம். டயட்டீஷியன் என்று ஒரு சின்னப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். பாலில் கலக்குகிற பொடி, வடிகட்டிய சூப், தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு, ஆபரேஷனுக்கு அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒரு வேளைக்கு இவ்வளவுதான் என்று தன் கையைக் குழித்துக் காட்டினாள். அவள் கையே ஒரு கிண்ணம் அளவுக்கும் இல்லை. நான் வெளியே வந்து வராந்தாவில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டேன். இவர் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் வந்தோம், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனாலும் பானை நிறையச் சமைத்து வைத்து, இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேனே, அது முடிந்துபோயிற்று. அதற்கு அழாமல் எதற்கு அழுவது?

அந்த இரண்டு வாரமும் இவருடைய சூப்பைத் தவிர நான் அடுப்பில் ஒன்றுமே ஏற்றவில்லை. பசியில் இருக்கிறவர் முன்னால் தாளிக்கிற வாசனையைக் கிளப்புவது பாவம். கடையில் ரொட்டி வாங்கி, கொல்லைப்பக்கம் நின்றுகொண்டு திருடி மாதிரி தின்பேன். இவர் நிஜமாகவே கட்டுப்பாடாக இருந்தார். மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து, குழாயில் மூச்சை இழுத்துப் பந்தை மேலே ஏற்றிப் பழகச் சொல்லியிருந்தார்கள். சட்டையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே நடுநடுவே அதை இழுப்பார். பட்டன் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பேண்ட் லேசாகத் தொளதொளத்தது. இவராகவே ஒரு மத்தியானம் இடுப்பை உள்ளே பிடித்துத் தைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் துணியைப் பிடித்துத் தைத்தார். அதைப் பார்த்து நான் நிலைவாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டும்போது அடியிலிருந்து இவருடைய கல்யாணப் பேண்ட் வந்தது. இத்தனை வருஷத்தில் பிரித்துப் பிரித்துக் கடைசியில் துணியே தீர்ந்துபோய் ஓய்வு பெற்ற பேண்ட். நாத்தனார் தூக்கிப் போடச் சொன்னாள். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். உள்பக்கம் திருப்பினால் ஒவ்வொரு வரிசைத் துளைக்கும் எனக்கு ஒரு கதை தெரியும். இது நாங்கள் கடையும் வீடுமாக ஒரே அறையில் இருந்த காலத்தில் பிரித்தது. முன்பாதியில் மெஷின், நடுவில் ஒரு திரை, பின்பாதியில் ஸ்டவ்வும் பாயும். இது மகள் பிறந்த வருஷம். எனக்குப் பத்தியம் என்று வந்ததையெல்லாம் இவர்தான் சாப்பிட்டுத் தீர்த்தார், பிள்ளை பெற்றது யார் என்றே தெரியவில்லை. இந்தக் கடைசி வரிசையில் கறுப்பு நூல் கிடைக்காமல் நீலத்தில் ஓட்டியிருக்கிறார். அது மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மறுநாள். அன்றைக்கு இவர் யாரிடமும் பேசாமல் மூன்று பேர் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டார். நான் தடுக்கவில்லை, போட்டுக்கொண்டே இருந்தேன்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் ஆபரேஷன் அன்று காலையில் நடந்த கூத்து புரியாது.

கல்யாணமாகி வந்தபோது எனக்குச் சமையல் தெரியாது. எங்கள் வீட்டில் எல்லாம் அக்காதான். முதல் நாள் குழம்பு வைத்துவிட்டு, உப்பு போட்டேனா இல்லையா என்று பயந்துபோய், கரண்டியோடு திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். உப்புப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். இவர் மெஷினை நிறுத்தாமலே வலது உள்ளங்கையை நீட்டினார். இடது கை துணியை விடவில்லை. ஒரு சொட்டு விட்டேன். நக்கிப் பார்த்துவிட்டு, உப்பு கம்மி என்றார். உள்ளே போய் ஒரு கிள்ளு போட்டுக்கொண்டு வந்து மறுபடி ஒரு சொட்டு விட்டேன். இப்போது சரி என்றார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம்; பிறகு பெரிய வீட்டுக்கு வந்து முன்னறை கடையானபோதும் நடுவில் அதே திரைதான். குழம்பு கொதித்தால் நான் கரண்டியோடு வருவேன், இவர் கையை நீட்டுவார். சாக்பீஸ் தூள் ஒட்டின கை. முதலில் அதை என் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் சொட்டு விடுவேன். எந்த நாளும் முதல் தடவை கம்மிதான், இரண்டாவது தடவை சரிதான். நாலைந்து மாதத்தில் எனக்கே கை பழகிவிட்டது. நான் போடுகிற உப்பு சரியாக இருக்கிறது, இவர் நாக்குத்தான் மந்தம் என்று தெரிந்துகொண்டேன். அதனால் கம்மி என்றால் உள்ளே போய், உப்பு டப்பாவைத் தொடக்கூட மாட்டேன். கரண்டியால் சும்மா ஒரு கிண்டு கிண்டிவிட்டு, அதையே திரும்பக் கொண்டுவந்து ஊற்றுவேன். இப்போ சரி என்பார். நான் திரைக்குப் பின்னால் போய்ச் சிரித்துக்கொள்வேன். முப்பது வருஷமாக நான் இவரை ஏமாற்றிய ஒரே விஷயம் இதுதான். மகளிடம்கூடச் சொன்னதில்லை.

ஆபரேஷன் அன்று காலை. முந்தின ராத்திரியிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூட ஆகாது என்று உத்தரவு. நாத்தனார் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும், ஆஸ்பத்திரியில் உட்காரப்போகிற எனக்கும் என்று இரண்டு வாரத்துக்குப் பிறகு அடுப்பில் குழம்பு வைத்தேன். மனசெல்லாம் எங்கேயோ இருந்தது. இன்ஷூரன்ஸ் காகிதம், செருப்பு, போன் சார்ஜர் என்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குழம்பு கொதித்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். இவர் கிளம்பித் தயாராக மெஷின் முன்னால் உட்கார்ந்து, பாதியில் நிற்கிற ஒரு சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டினார். சொட்டு விட்டேன். நக்கினார்.

"உப்பு கம்மி."

உள்ளே போனேன். கிண்டினேன். வந்தேன். கையை நீட்டினார். இரண்டாவது சொட்டும் உள்ளே போன பிறகுதான் இவர் கண் என்னைப் பார்த்தது. என் கண் கரண்டியைப் பார்த்தது. இரண்டு பேரும் கல்லாகிவிட்டோம். குளியலறையில் நாத்தனார் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வாடகைக் காரில் ஏறினோம். பாதி வழியில் இவர் என் பக்கம் சாய்ந்து, டிரைவருக்குக் கேட்காமல் சொன்னார்:

"சொல்லிடாத. இன்னைக்கு விட்டா இன்னொரு தடவை என்னால வர முடியாது. உனக்கே தெரியும்."

எனக்குத்தான் தெரியுமே. அதனால் சரி என்று தலையாட்டினேன். ரெண்டே சொட்டு, என்ன ஆகிவிடப்போகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். என் கையால் இத்தனை வருஷம் போட்டது இவரை வளர்த்தது. இன்றைக்கு விட்ட ரெண்டு சொட்டு இவரைக் கொண்டுபோய்விடுமோ என்றும் அடுத்த நிமிஷமே தோன்றியது.

ஆஸ்பத்திரியில் இவரை எடை பார்த்தார்கள். காலில் இறுக்கமான காலுறை மாட்டிவிட்டார்கள். பின்னால் முடிச்சுப் போடுகிற அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். அத்தனை பயத்திலும் இவர் அதன் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, நாடாவை இவ்வளவு கீழே வைத்துத் தைத்தவன் யாரு, முதுகு எப்படி மூடும் என்று நர்ஸிடம் விசாரித்தார். ஊசி நூல் இருந்தால் தானே மாற்றி வைத்துத் தருவதாகவும் சொன்னார். நர்ஸ் சிரித்துக்கொண்டே, இங்கே ஊசி பிடிக்கிற வேலையை எங்களுக்கு விட்டுவிடுங்கள் என்றாள்.

மயக்க மருந்து டாக்டர் வந்தார். நடுத்தர வயது, தூக்கம் குறைந்த கண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இவருடைய கழுத்தை அண்ணாந்து காட்டச் சொன்னார், வாயைத் திறக்கச் சொன்னார். பிறகு நேற்று ராத்திரியிலிருந்து வாயில் ஏதாவது போட்டீர்களா, தண்ணீர், மிட்டாய், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றார்.

"இல்ல டாக்டர்" என்றார் இவர்.

டாக்டர் எழுதப்போனவர், என்னையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். வயிற்றில் ஏதாவது கிடந்து, மயக்கத்தில் அது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் மூச்சே அடைத்துவிடும், அதற்காகத்தான் இத்தனை தடவை கேட்கிறோம் என்றார். மூச்சு என்ற அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. எத்தனை ராத்திரி அந்த மூச்சுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறேன்!

"இருக்கு டாக்டர். குழம்பு. ரெண்டு சொட்டு, உள்ளங்கையில."

"ரெண்டா?"

"முதல் சொட்டுல உப்பு கம்மின்னார். அதான் ரெண்டாவது."

டாக்டர் குனிந்து காகிதத்தைப் பார்த்தார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. நிமிர்ந்தபோது முகம் சரியாக இருந்தது. ரெண்டு சொட்டு பெரிய விஷயமில்லை, ஆனால் இவ்வளவு எடையும் தூக்கத்தில் மூச்சு நிற்கிற வியாதியும் இருக்கும்போது சந்தேகத்தோடு கை வைக்க மாட்டேன், சில மணி நேரம் போக வேண்டும் என்றார். இன்றைக்குக் கடைசி ஆளாக எடுக்க முடியுமா என்று சர்ஜனைக் கேட்கிறேன், முடியாவிட்டால் வேறு தேதிதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அங்கியின் நாடா கீழே இருந்ததால் முதுகு பாதி திறந்து கிடந்தது. நான் போர்வையை இழுத்து மூடினேன்.  வேறு தேதி என்று வந்து சொன்னால் இவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடுவார். சீட்டியடிக்கக்கூட மாட்டார். அதற்குப் பிறகு ஏதோ ஒரு நாள் குறட்டை நிற்கும், நான் காத்திருப்பேன், அது திரும்ப வராது. நானே வாயைத் திறந்து அந்த நாளைக் கூப்பிட்டுவிட்டேனோ. ஆனாலும் திரும்பக் கேட்டால் திரும்பவும் அதையேதான் சொல்வேன்.

நர்ஸ் ஒரு தடவை வந்தாள், இன்னும் சேதி இல்லை என்று போனாள். ஜன்னல் வழியே வந்த வெயில் தரையிலிருந்து கட்டில் கால் வரை நகர்ந்தது. அதன் பிறகுதான் இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கோபம் முகத்தில் இல்லை. பயம்தான் இருந்தது. பயத்தில்தான் அதைச் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லியிருக்க மாட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? உன் சமையல்ல உப்பு என்னைக்குமே கம்மியா இருந்ததில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எனக்குத் தெரியாதா? நீங்க கம்மின்னு சொன்னதுக்கு அந்த முதல் நாலஞ்சு மாசம் போக ஒரு நாளாவது நான் உப்பு போட்டிருக்கேன்னு நினைக்கிறீங்களா? சும்மா கிண்டிட்டு அதையேதான் எடுத்துட்டு வருவேன்."

"தெரியும். ரெண்டும் ஒரே ருசிதானே."

"தெரிஞ்சுமா கம்மின்னு சொன்னீங்க?"

இவர் போர்வையின் விளிம்புத் தையலை விரலால் நீவிக்கொண்டே சொன்னார்:

"சரியா இருக்குன்னு சொன்னா நீ உள்ள போயிடுவே. அப்புறம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் உன்னைப் பார்க்க முடியாது. கம்மின்னு சொன்னா இன்னொரு தடவை வருவே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முப்பது வருஷம்! நான் திரைக்குப் பின்னால் நின்று இவரை முட்டாள் என்று சிரித்துக்கொண்டிருந்தபோதெல்லாம், இந்த மனிதர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, நான் திரும்பி வருவதற்காகக் கையைத் தயாராக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாயைத் திறந்து, இங்கே வந்து உட்கார் என்று சொன்னால் குறைந்தா போவார்? அதைத்தான் கேட்டேன். மெஷின் பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்களே, எப்படிச் சொல்வது என்றார். நான் அந்த வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இவர் எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது போல் என்றைக்குமே தோன்றியதில்லை. குண்டாகவோ ஒல்லியாகவோ, அரை வயிறோ கால் வயிறோ, மூச்சு இருக்கிற இவர் வேண்டும்.

"தேதி தள்ளிப்போனாலும் வருவீங்களா?" என்று கேட்டேன்.

 வருவேன் என்றார். வாக்குக் கொடுக்கிற குரல் இல்லை அது. அளவு சொல்கிற குரல். அளவு சொல்லும்போது இவர் பொய் சொன்னதே கிடையாது.

வெயில் கட்டில்மேல் ஏறிய பிறகு சக்கர ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் வந்தார்கள். கடைசி ஆளாக எடுத்துக்கொள்கிறார்களாம். கதவு வரைக்கும் கூடவே நடந்தேன். உள்ளே போகும்போது இவர் கையைத் தூக்கி, பந்தை ஏற்றுகிற அந்தப் பிளாஸ்டிக் கருவியை மறக்காமல் கொண்டுவரச் சொன்னார்.

பிறகு நான் எப்படி உட்கார்ந்திருந்தேன், எத்தனை தடவை நாத்தனார் போன் செய்தாள், கொண்டுபோன சாப்பாடு எப்படித் திறக்காமலே கெட்டுப்போனது என்பதெல்லாம் எதற்கு. சர்ஜன் வெளியே வந்து முகமூடியை இறக்கி, நல்லபடியாக முடிந்தது என்றார். நல்ல தையல் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று சிரித்தார். நான் அவரைக் கும்பிட்டேன். 

அன்று ராத்திரியே இவரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். வராந்தாவில் நாலு எட்டு வைத்துவிட்டு, வலிக்கிறது என்று என் தோளில் சாய்ந்தார். பிளாஸ்டிக் கருவியை இழுத்துப் பார்த்தார், மூன்று பந்தில் ஒன்றுகூட ஏறவில்லை. மூக்கில் மெஷினை மாட்டிக்கொண்டு அடம் பிடிக்காமல் தூங்கினார். நான் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சீராக வந்து போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் படம் எடுத்துப் பார்த்து, தையலில் கசிவு இல்லை, தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். நர்ஸ் ஒரு சின்னத் தம்ளரில் தண்ணீரும் ஒரு ஸ்பூனும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு ஸ்பூன் கொடுங்கள், நிறுத்துங்கள், அவசரமே வேண்டாம் என்றாள். பானை பானையாக இவருக்குப் போட்டவள் நான். அந்த ஒரு ஸ்பூனை ஏந்திக்கொண்டு போகிற என் கை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவர் உதடு வெடித்துக் கிடந்தது. வாயில் விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அதை நாக்கில் வைத்திருந்தார், மெல்ல விழுங்கினார். தொண்டையில் குழாய் போட்டதில் குரல் கரகரத்தது.

"உப்பு கம்மி" என்றார்.

நர்ஸ் திரும்பிப் பார்த்து, தண்ணியிலயா என்று கேட்டாள். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. தம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனேன். வராந்தாக் கோடியில் ஜன்னல் பக்கம் நின்று, தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தண்ணீரை ஒரு கிண்டு கிண்டினேன். திரும்பி வந்தேன்.

இவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே வலது கை நீட்டியிருந்தது. அதில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருந்தது. டேப்பில் படாமல் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன்.

"இப்போ சரி" என்றார்.